‘செம’ என்று சொன்ன பிறகு

கூகுளில் ‘ஜவ்வாது மலை’ என்று தட்டிப் பாருங்கள். முதலில் அருவி வரும். அப்புறம் பனி மூடிய கொண்டை ஊசி வளைவு, ட்ரோன் பிடித்த பச்சை, ஜமுனாமரத்தூர் படகுத்துறை, காவலூர் வானோக்கு நிலையத்தின் வெள்ளைக் குவிமாடம். எவ்வளவு தள்ளிக்கொண்டே போனாலும் மனிதர்கள் அபூர்வம். அப்படியே யாராவது இருந்தால், முதுகைக் காட்டிக்கொண்டு பள்ளத்தாக்கைப் பார்க்கிற ஒரு சுற்றுலாப் பயணி. இப்போது அதே பெயரோடு ‘சாலை வசதி’ என்று சேர்த்துத் தேடுங்கள். மலை மாறிவிடும். டோலி கட்டி நோயாளியைச் சுமந்து இறங்குகிறவர்கள், சேற்றில் சிக்கிய வண்டி, துணி சுற்றிய உடலோடு நடக்கும் குடும்பம். முதல் ஆல்பத்தில் மனிதரே இல்லை. இரண்டாவதில் மனிதர் உண்டு, ஆனால் துயரப்படும்போது மட்டும்தான் உண்டு.

வேலூர் மாவட்டத்தில், அணைக்கட்டு வட்டத்தில், மலையடிவாரத்தில் இருக்கிற பேரூராட்சி ஒடுகத்தூர். பீஞ்சமந்தைக்கு ஏறுகிற சனமும் அங்கிருந்து இறங்குகிற சனமும் இந்த ஊரைத் தொட்டுத்தான் போகவேண்டும். சாமை மூட்டை, புளி, தேன், கடுக்காய், பரீட்சை எழுதப் போகிற பிள்ளை, பிரசவத்துக்கு வருகிற பெண் என்று எல்லாம் ஒரே வழியில் வருகின்றன. இங்கே கடைத்தெருவில் நிற்கிறவருக்கு மலை என்பது அருவியும் இல்லை, டோலியும் இல்லை. தெரிந்த முகங்கள் வந்து போகிற இடம். ஆனால் இதே ஊரில் ஒரு பையன் கைபேசியைத் தூக்கிக்கொண்டு மலையைப் படம் எடுக்கப் போனால், பெரும்பாலும் என்ன எடுத்துக்கொண்டு வருகிறான்? அருவி. பனி. வளைவு. தினமும் பார்க்கிற மலையை விட்டுவிட்டு, ஏற்கெனவே படமாக வந்த மலையை எடுக்கிறான்.

அவனைக் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. நாம் எல்லோரும் அப்படித்தான் கற்றுக்கொள்கிறோம். கேமராவை வைத்துப் படம் எடுக்கக் கற்றவர் யாரும் கிடையாது. பிறர் எடுத்த படங்களைப் பார்த்துத்தான் கற்கிறோம். கேமராவின் கையேடு வெளிச்சத்தை எப்படி அளப்பது என்று சொல்லும். எதைப் பார்ப்பது என்று சொல்லாது. அதை நமக்குள் விதைப்பவை ஒரு நாளைக்கு நம் கண்முன் ஓடும் நூற்றுக்கணக்கான பிறருடைய படங்கள். ஆக, எப்படிப் படம் எடுக்கிறோம் என்பதற்கு முன்னால், பிறர் படத்தை எப்படிப் பார்க்கிறோம் என்று கேட்டாக வேண்டும். அந்தக் கேள்விக்கு இன்றைக்கு நம்மிடம் இருக்கும் பதில் ஒரே சொல்தான்: ‘செம’.

‘செம’ ஒரு நல்ல சொல். அன்பு இருக்கிறது அதில். ஆனால் அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஏன் செம, எது செம, இன்னொருவர் எடுத்திருந்தால் எப்படி வந்திருக்கும் என்று அடுத்த அடி வைக்க அது இடம் தருவதில்லை. இது தமிழுக்குப் பழக்கமான வழியும் இல்லை. நூலை அவையில் வைத்து, கேள்வி கேட்கவிட்டு, பதில் சொல்லி, பிறகுதான் அரங்கேற்றம் என்கிற வழக்கம் நம்முடையது. தொல்காப்பியம் அதங்கோட்டாசான் முன்னால் அரங்கேறியது என்று அதன் பாயிரமே சொல்கிறது. செய்யுளைச் சொல் சொல்லாகப் பிரித்து, ‘இந்த இடத்தில் ஏன் இந்தச் சொல்’ என்று கேட்டுக்கேட்டு எழுதிய உரைகளின் வழியாகத்தான் தலைமுறை தலைமுறையாகக் கவிதை படித்தோம். கவிதைக்கு உரையாசிரியர் உண்டு. படத்துக்கு லைக் மட்டும் போதுமா?

*

மேலே சொன்ன இரண்டு ஆல்பங்களுக்கும் பாட்டன் பூட்டன் உண்டு. அவர்களை அறிந்துகொள்வதே விமர்சனத்தில் முதல் பாடம்.

ஆளில்லாத நிலக்காட்சிக்குப் பூட்டன் லின்னேயஸ் டிரைப். கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவ அதிகாரி. 1856-ல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டவர். 1857, 1858 ஆண்டுகளில் ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர், சேலம் மாவட்டத்து ராயக்கோட்டை என்று மாட்டு வண்டியில் கருவிகளை ஏற்றிக்கொண்டு சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். இன்று கைபேசியில் ‘பனோரமா’ என்று ஒரு விரலில் செய்வதை அவர் தனித்தனிப் படங்களை ஒட்டிச் செய்தார். அவருடைய படங்களில் கோயில் இருக்கும், குளம் இருக்கும், பாறை இருக்கும். ஆள் மிகக் குறைவு. இதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. காகித நெகட்டிவுக்கு நெடுநேரம் வெளிச்சம் காட்டவேண்டும். அதற்குள் நடந்துபோகிறவர் படத்தில் பதியாமலே போய்விடுவார். இன்னொரு காரணம் வேலை கொடுத்தவர் யார் என்பது. கம்பெனிக்குக் கட்டடமும் நிலமும் பதிவாக வேண்டும், அங்கே வாழ்கிறவர் அல்ல.

டிரைப்பின் வானத்தையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அன்றைய நெகட்டிவ் நீல ஒளியை அளவுக்கு மீறி வாங்கிக்கொள்ளும். அதனால் வானம் வெறும் வெள்ளையாக வரும். அது பிடிக்காமல் அவர் நெகட்டிவின் மேலேயே மேகங்களைத் தீட்டினார். பல படங்களில் இருக்கும் அழகான மேகம் தூரிகை மேகம். ‘அந்தக் காலத்துல எடிட்டிங் கிடையாது’ என்று யாராவது சொன்னால் இதைக் காட்டலாம். பிரீசெட் போட்டு மலையை நீலமாக்குகிற பையனும் அந்தப் பரம்பரைதான். அவன் மாற்றினானா என்று துப்பறிவதில் பெரிய பயன் இல்லை. எதற்காக மாற்றினான், அதனால் எது மறைந்தது என்று கேட்டால் பேச்சு நகரும்.

துயர ஆல்பத்துக்கும், இன்னொரு வகையில் போட்டிகளில் பரிசு வாங்கும் ‘மலைவாழ் முதியவர்’ படத்துக்கும் பூட்டன் எட்கர் தர்ஸ்டன். சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர். ரங்காச்சாரியின் துணையோடு அவர் எழுதிய ‘தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்’ 1909-ல் 7 தொகுதிகளாக வந்தது. மூக்கின் அகலத்தையும் தலையின் நீளத்தையும் கருவி வைத்து அளந்தவர் அவர். ஜவ்வாது மலையில் வாழும் மலையாளி மக்களைப் பற்றியும் அந்தத் தொகுதிகளில் எழுதியிருக்கிறார். (கேரளத்து மலையாளி இல்லை, மலையில் வாழ்கிறவர் என்று பொருள்படும் பெயர்.) அந்தப் புத்தகங்களில் உள்ள ஆள் படங்களைப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும். நிற்க வைத்திருக்கிறார்கள். நேராகப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அடியில் குழுவின் பெயர் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. ஒருவரைப் பார்க்கிறோம் என்று நினைக்கிறோம், நமக்குக் காட்டப்படுவதோ ஒரு ‘மாதிரி’.

இப்போது இன்ஸ்டாகிராமுக்கு வாருங்கள். சுருக்கம் விழுந்த முகம், கறுப்பு வெள்ளை, பின்னணி மங்கல், தூரத்திலிருந்து நீண்ட லென்ஸ். தலைப்பு: ‘வாழ்வின் வரிகள்’. அந்தப் பாட்டியின் பெயர் எங்கே? எந்த ஊர்? படம் எடுத்தவர் அவரிடம் பேசினாரா? தர்ஸ்டனாவது அளவுகோலோடு நேரில் வந்து நின்றார். 200 மில்லிமீட்டர் லென்ஸ் வைத்திருப்பவருக்குப் பக்கத்தில் வர வேண்டிய அவசியம்கூட இல்லை. கண்ணில் ஒளிப்புள்ளி விழுந்திருக்கிறது, தோலின் ஒவ்வொரு வரியும் தெளிவு, எல்லாம் சரி. தொழிலாகப் பார்த்தால் குறையில்லாத படம். அந்தத் தொழில்திறமையைப் பாராட்டிவிட்டு, ‘இவர் யார்’ என்று ஒரு வரி கேட்பதுதான் விமர்சனம். அந்தக் கேள்வி எடுத்தவருக்கு உறுத்தினால், அடுத்த படத்துக்கு அவர் இருபது அடி முன்னால் நடப்பார்.

*

2023 மே மாதம். அல்லேரி மலைப் பகுதியில் ஒன்றரை வயதுக் குழந்தை பாம்பு கடித்து இறந்தது. மருத்துவமனைக்குப் போய்ச்சேர நேரமாகிவிட்டது. உடலைத் திரும்பக் கொண்டுவரும்போது சாலை சரியில்லாததால் வண்டி பாதியில் நின்றது. தாய் குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு மலையேறினார். அந்தக் காட்சி நாளிதழ்களிலும் தொலைக்காட்சியிலும் கைபேசிகளிலும் பரவியது. தமிழ்நாட்டில் பலருக்கு அணைக்கட்டு வட்டத்தின் பெயர் தெரிந்ததே அன்றைக்குத்தான்.

இந்தப் படத்தை விமர்சிக்கலாமா? பலர் கூடாது என்பார்கள். துயரத்தின் முன்னால் ஃப்ரேம், ஒளி என்று பேசுவது அநாகரிகம் என்பார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. இவ்வளவு பெரிய வேலையைச் செய்கிற படத்தைக் கேள்வியே கேட்காமல் விடுவதுதான் அநாகரிகம். என்ன கேட்பது என்பதற்கு 1936-ஐப் பார்க்கலாம்.

அந்த ஆண்டு மார்ச்சில் கலிஃபோர்னியாவின் நிப்போமோ என்ற இடத்தில், பட்டாணி பறிக்க வந்து வேலையில்லாமல் கிடந்த கூலிகளின் முகாமில், டோரதியா லாங்கே ஒரு தாயைப் படம் எடுத்தார். ‘புலம்பெயர் தாய்’ என்று உலகம் அறிந்த படம். முகத்தில் கை வைத்த தாய், இருபுறமும் முகம் திருப்பிய பிள்ளைகள், மடியில் கைக்குழந்தை. நாம் பார்ப்பது இந்த ஒன்றைத்தான். ஆனால் லாங்கே வரிசையாக ஆறேழு படங்கள் எடுத்தார். தூரத்தில் கூடாரம் முழுவதும் தெரிகிற படம் முதலில். பிறகு ஒவ்வொரு அடியாக நெருக்கம். கூடாரம், பெட்டி, சாமான், பெரிய மகள் எல்லாம் ஒவ்வொன்றாக ஃப்ரேமுக்கு வெளியே போகின்றன. கடைசியில் தாயும் மூன்று பிள்ளைகளும் மட்டும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இவற்றில் பலவற்றை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒரு புகைப்படக்காரர் எதை விட்டுவிட்டு எதை அடைந்தார் என்பதை இவ்வளவு தெளிவாகச் சொல்லித்தருகிற பாடம் எந்தக் கல்லூரியிலும் கிடைக்காது.

அந்தப் படத்தின் வலது கீழ்மூலையில் கூடாரக் கம்பைப் பிடித்த தாயின் கட்டைவிரல் தெரிந்தது. பின்னால் லாங்கே அதை நெகட்டிவில் மறைக்கச் செய்தார். கவனம் சிதறுகிறது என்பது அவர் கணக்கு. அவருக்கு வேலை கொடுத்த ராய் ஸ்டிரைக்கருக்கு அது பிடிக்கவில்லை. ஒரு கட்டைவிரல் இருக்கலாமா கூடாதா என்பது கலையைப் பற்றிய சண்டை மாதிரித் தெரியும். உண்மையில் அது, கம்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் பெண்ணா, எல்லாத் துயரத்துக்கும் அடையாளமான தாயா, யாரை நாம் பார்க்கவேண்டும் என்கிற சண்டை.

படம் பத்திரிகையில் வந்ததும் அந்த முகாமுக்கு 20,000 பவுண்டு உணவு போனது. அதற்குள் அந்தக் குடும்பம் வேறு இடத்துக்குப் போய்விட்டது. அவர் பெயர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது உலகுக்குத் தெரிந்தது 1978-ல். 42 ஆண்டுகள் அவர் பெயரில்லாத முகமாகவே இருந்தார். தன் படத்தால் தனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்பது அவருடைய வருத்தம்.

இந்தக் கண்ணோடு அல்லேரிக்குத் திரும்பினால் சில கேள்விகள் தானாக வரும். படம் எடுத்தவர் எந்த உயரத்தில், எவ்வளவு தூரத்தில் நின்றார்? அந்தத் தாய்க்குப் படம் எடுக்கப்படுவது தெரியுமா? குழந்தையின் முகத்தைக் காட்டியவர்கள் ஏன் காட்டினார்கள், மறைத்தவர்கள் ஏன் மறைத்தார்கள்? படத்தில் பாதை எவ்வளவு இருக்கிறது, முகம் எவ்வளவு இருக்கிறது? இந்தக் கடைசிக் கேள்வி எனக்கு முக்கியமாகப் படுகிறது. முகம் நிறைந்த படம் நம்மை அழவைக்கும். பாதை நிறைந்த படம், ‘இந்த வழியில் தினமும் யார் நடக்கிறார்கள்’ என்று யோசிக்க வைக்கும். சாலை இல்லை என்பதுதான் செய்தி என்றால், சாலை படத்தில் எங்கே?

அந்தப் படத்தை எடுத்திருக்கவே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. அது இல்லாமல் அல்லேரி தலைப்புச் செய்தி ஆகியிருக்காது. ஆனால் அதற்கு முந்தின நாள் அதே பாதையில் யாரோ ரேஷன் அரிசியைத் தலையில் சுமந்து ஏறியிருப்பார். அந்தப் படம் நம்மிடம் இல்லை. அது இருந்து, அதை நாம் பார்க்கத் தெரிந்து பார்த்திருந்தால், சாலையைப் பற்றிப் பேச ஒரு குழந்தை சாகவேண்டி இருந்திருக்குமா? தெரியாது. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

*

மலையின் தெற்கே, திருவண்ணாமலையில், 1950 ஏப்ரலில் ஹென்றி கார்த்தியே பிரெசோன் இருந்தார். ரமண மகரிஷியின் கடைசி நாட்கள். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னால், 1946-ல், பெங்களூரிலிருந்து வந்த ஜி. ஜி. வெல்லிங் எடுத்த ரமணர் படம்தான் இன்றைக்கும் நம் வீட்டுச் சுவர்களிலும் கடைக் கல்லாப்பெட்டிக்கு மேலும் இருப்பது. மார்பளவு, நேர்ப் பார்வை, மென்மையான சிரிப்பு. இரண்டு பேர் எடுத்த படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெல்லிங்கின் படத்தில் நாம் அவரைப் பார்ப்பதைவிட அவர் நம்மைப் பார்க்கிறார். தரிசனத்துக்கு அதுதானே வேண்டும். பிரெசோனின் படங்களில் நோயுற்ற வயதான உடல் இருக்கிறது, சுற்றி மனிதர்கள் இருக்கிறார்கள், ஒரு காலம் முடிந்துகொண்டிருக்கிறது. எது நல்ல படம் என்று கேட்டால் சண்டைதான் மிஞ்சும். ஒவ்வொரு படமும் என்ன வேலைக்காக எடுக்கப்பட்டதோ அதை வைத்து அளக்கவேண்டும். பூஜையறைப் படத்தைச் செய்திப் படத்தின் அளவுகோலால் அளந்தால் தோற்கும். திருப்பி அளந்தாலும் தோற்கும்.

ஏப்ரல் 14 இரவு, ரமணர் இறந்த நேரத்தில், வானத்தில் ஒரு பெரிய ஒளி மெல்ல நகர்ந்து போனதைப் பார்த்ததாகப் பிரெசோன் சொன்னார். நேரத்தைக் குறித்துக்கொண்டார்: 8:47. ‘தீர்மானமான கணம்’ என்ற சொல்லோடு உலகமே சேர்த்துப் பேசும் மனிதர் அவர். ஆனால் அந்த ஒளிக்கு அவரிடமிருந்து நமக்குக் கிடைத்திருப்பது சொல்தான். மாட்டுச் சந்தைகளில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவார்கள் இல்லையா? அங்கே முக்கியமானது எதுவோ அது கேமராவுக்குத் தெரியாது. பிறர் படத்தைப் படிக்கும்போது, இதில் எது தெரிகிறது என்பதோடு, எது தெரிய வாய்ப்பே இல்லை என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஜான் சார்கோவ்ஸ்கி 1966-ல் வெளியிட்ட ‘புகைப்படக்காரரின் கண்’ என்ற புத்தகத்தில் படத்தைப் பார்க்க ஐந்து வாசல்களைத் திறந்தார்: பொருள், நுண்விவரம், ஃப்ரேம், நேரம், நிற்கும் இடம். இந்த ஐந்தும் போதும், ஒரு மாலை முழுக்கப் பேசலாம். ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமை தோறும் ஆட்டுச் சந்தை கூடும். அங்கே ஒரு பையன் எடுத்த படத்தை, ஊரில் ஸ்டுடியோ வைத்திருக்கிற அண்ணன் ஒருவர் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

“இன்னாடா, ஆடுங்க மூஞ்சியா எட்த்துக்கினு வந்துருக்க?”

“நல்லா இல்லையாண்ணா?”

“நல்லாருக்கு. ஆனா இது சந்தைன்னு எப்டிரா தெரியும்? வாங்கறவன் எங்க, விக்கறவன் எங்க?”

“அந்த அம்மா பக்கத்துலதான் இருந்தாங்க. ஃப்ரேம்ல வரலண்ணா.”

“வரலியா, நீ வுட்டுட்டியா?”

“...வுட்டுட்டேன்.”

“அவங்க எந்தூரு? ஆட்ட வித்துட்டு துட்டு எண்றப்ப அவங்க மூஞ்சிய பாத்தியா?”

“பீஞ்சமந்தைன்னாங்க. பாத்தேன். எடுக்கல.”

“அதான்டா படம்.”

அண்ணன் பையனை அவமானப்படுத்தவில்லை. மூன்றில் ஒரு பங்கு விதி, கோடுகள் எங்கே போகின்றன என்கிற பாட்டையும் பாடவில்லை. அவை தெரிந்துகொள்ள வேண்டியவைதான், ஆனால் அவற்றோடு நிற்கிற விமர்சனம் எல்லாப் படத்தையும் ஒரே மாதிரி ஆக்கிவிடும். பையன் கண்ணால் பார்த்ததற்கும் படத்தில் வந்ததற்கும் நடுவில் இருந்த இடைவெளியை அண்ணன் தொட்டுக்காட்டினார். அந்த அம்மா பையனுக்குத் தெரியாதவரும் இல்லை. தெரிந்தவரை விட்டுவிட்டு ஆட்டை எடுக்கச் சொல்லிக் கொடுத்தவை அவன் முன்பு பார்த்த படங்கள்.

இந்த இடைவெளியைத் தாண்டியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மதுரைக்குப் பக்கத்து ஜவஹர்லால்புரத்திலிருந்து வந்த எம். பழனி குமார் மீன் விற்ற தாயின் மகன். ‘பாரி’ இணையதளத்துக்காகப் படமெடுப்பவர். 2022-ல் தயானிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருதை முதன்முதலாகப் பெற்றவர். ராமநாதபுரம் கடலில் பாசி எடுக்கும் பெண்களைப் பற்றிய அவருடைய 2019 படங்களைப் பாருங்கள். கரையில் நின்று எடுத்திருந்தால் அலையும் புள்ளி புள்ளியாய்த் தலைகளும்தான் கிடைத்திருக்கும், அழகாகவும் இருந்திருக்கும். அவர் அந்தப் பெண்களோடு படகில் போய்த் தண்ணீரில் இறங்கியிருக்கிறார். துணி சுற்றிய விரல், கண்ணாடி, பை, மூச்சைப் பிடித்து உள்ளே போகும் உடல். சார்கோவ்ஸ்கியின் ஐந்தாவது வாசலான ‘நிற்கும் இடம்’ என்றால் என்ன என்று கேட்கிறவருக்கு இந்தப் படங்களைக் காட்டலாம். படத்தின் கீழே பெயர் இருக்கிறது. தர்ஸ்டனிடமிருந்து நாம் நகர்ந்துவிட்டோம் என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி.

அவரையும் ‘செம’ என்று விட்டுவிட வேண்டாம். உழைப்பைப் படமெடுக்கிறவருக்கு எப்போதும் ஒரு ஆபத்து உண்டு. கஷ்டமே அழகாகிவிடும்; அந்த மனிதர்கள் சிரிப்பதும் சண்டை போடுவதும் சும்மா உட்கார்ந்திருப்பதும் படத்துக்கு வெளியே போய்விடும். பழனி குமாரின் எந்தப் படத்தில் இந்த ஆபத்து தெரிகிறது, எதில் அவர் தாண்டிவிடுகிறார் என்று நீங்களே தேடிப் பாருங்கள். அவர் உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் புகைப்படம் கற்றுக்கொடுத்து, அவர்கள் எடுத்த படங்களைக் காட்சிக்கும் வைத்திருக்கிறார். தன் கண்ணுக்கு எட்டாதது அந்தப் பிள்ளைகள் கண்ணுக்கு எட்டும் என்று நம்புகிறவர்தான் இதைச் செய்வார்.

ஜவ்வாது மலைக்கு மூன்றாவது ஆல்பம் ஒன்று வரத்தான் போகிறது. மலைமேல் இருக்கிற பிள்ளைகள் கையிலும் இப்போது கைபேசி இருக்கிறது. சாமை அடிக்கிற களம், விடுதியிலிருந்து சனிக்கிழமை வீட்டுக்கு நடக்கிற பிள்ளைகள், டவர் கிடைக்கும் பாறைமேல் உட்கார்ந்து போன் பேசுகிற அக்கா என்று அவர்கள் எடுப்பார்கள். சில படங்கள் கோணலாக இருக்கும், சில ஆடியிருக்கும். அருவி இல்லாததால் பயணிக்குப் பிடிக்காது, யாரும் சாகாததால் செய்தி ஆகாது. அவற்றைப் பார்க்கத் தெரிந்தவர்கள் கீழே யாரும் இல்லாவிட்டால், லைக் விழாததைக் கண்டு அந்தப் பிள்ளைகளும் அருவிக்குத் திரும்பிவிடுவார்கள்.

ஆகவே இனி ஒரு மலைப் படம் கைபேசியில் வந்தால் ‘செம’ போடுங்கள், தப்பில்லை. அதற்கடியில் இன்னொரு வரியும் போடுங்கள்: எங்க நின்னு எடுத்தீங்க, அவங்க பேர் என்ன?